நாலாயிரத்தில் ஒரு குழி

சத்யபிரியா இதுவரை நாற்பத்தொரு ஆல்பங்களுக்குக் கடைசிக் கை வைத்திருக்கிறாள். மாஸ்டரிங் என்பார்கள் அதை. ஒன்றின் அட்டையிலும் அவள் பெயர் கிடையாது. சென்னை ஸ்டுடியோக்காரர்கள் வேலையை வாங்கி, நெட் வழியாகத் திண்டுக்கல்லுக்குத் தள்ளிவிடுவார்கள். இவள் முடித்து அனுப்பியதும் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். போதாததற்கு அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று பேட்டி வேறு கொடுப்பார்கள். அப்படி இரண்டு பேட்டிகளை அவள் சோறு வடித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். இரண்டிலும் சொன்னது தப்பு.

நாற்பத்திரண்டாவது வேலைக்குப் பெயர் போடுகிறேன் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னான். பிராங்க்ளின் என்று பெயர். திண்டுக்கல்லில் பிறந்து பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், மிச்ச நேரமெல்லாம் எலெக்ட்ரானிக் இசை செய்கிறவன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அனுமதி வாங்கி, இரண்டு நாள் மைக்கும் கையுமாகத் திரிந்து, அங்கே ஓடும் மெஷின் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தான். அவற்றை வெட்டி, ஒட்டி, அடுக்கி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரே பாட்டாகச் செய்திருந்தான். பாட்டு என்று பெயரே தவிர அதில் பாடுகிறவர் யாரும் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை இசைத்தட்டாகவே அச்சிட ஒப்புக்கொண்டிருந்தது.

சென்னையில் யாரோ வாய் தவறி இவள் பெயரைச் சொல்லிவிட, அவன் நேராக மாடியேறி வந்துவிட்டான். "அட்டையில உங்க பேரு இருக்கும்க்கா. அதுக்கு நான் பொறுப்பு" என்றான். அவள் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் படியிறங்கிப் போனதும் ஒரு பேப்பரை எடுத்து, அட்டையில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று பெரிதாகவும் சிறிதாகவும் எழுதிப் பார்த்தாள். முப்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டு பேப்பரைக் கசக்கினாள். கசக்கியதைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை.

அவளுடைய அறை நாகல் நகரில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிறது. சுவர் முழுக்க பழைய மெத்தையைப் பிரித்த பஞ்சைத் திணித்துத் துணி போட்டு மூடியிருப்பாள். நடுவில் மேசை, மேசைமேல் அந்தப் பெட்டி. ஈக்வலைசர். ஒரு பாட்டில் அடிவயிற்றில் இடிக்கிற சத்தம் தனி, நடுவில் பேசுகிற சத்தம் தனி, மேலே கீச்சிடுகிற சத்தம் தனி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து, எல்லாம் அளவாக உட்காரும்படி செய்கிற பெட்டி அது. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு குமிழ்கள்; மேல் வரிசை இடது காதுக்கு, கீழ் வரிசை வலது காதுக்கு. திருப்பினால் வழுக்கிக்கொண்டு ஓடாது. படிப்படியாக, கிளிக் கிளிக் என்று நின்று நின்று போகும்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் மின்னல் இறங்கி வெந்துபோன பெட்டி அது. இனி தேறாது என்று கைகழுவி, அவள் அப்போது வேலை பார்த்த மைக்செட் ரிப்பேர் கடையில் போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். கருகிப்போன பாகங்களுக்குச் சரியான மாற்று கிடைக்காமல், கிடைத்ததைப் போட்டு, அளந்து, மறுபடி கழற்றி, மறுபடி போட்டாள். கடைசியில் பெட்டி உயிர் பெற்றது. ஆனால் முகத்தில் அச்சடித்திருக்கும் எண் ஒன்று, வயிற்றுக்குள் நடப்பது வேறு. மூவாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் குமிழ் நாலாயிரத்தில் வேலை செய்யும். மேல் வரிசையில் ஒரு கிளிக் செய்கிற வேலைக்குக் கீழ் வரிசையில் சிலதில் இரண்டு வேண்டும், சிலதில் ஒன்றரைதான் வேண்டும். எதற்கு எவ்வளவு என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும்.

ரிப்பேர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்பது வருடம் அவள் மில்லில் இருந்தாள். ரிங் பிரேம் பகுதி. பஞ்சை முறுக்கி நூலாக்குகிற மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடும் கொட்டகை. அங்கே யாரும் வாயால் பேச முடியாது. கையாலும் உதட்டாலும்தான் எல்லாம். காதடைப்பான் என்று ஒன்று உண்டு என்பதே இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில்தான் தெரியும். மற்ற நாளில் கீழே கிடக்கும் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்பது வருடத்தின் கணக்கு பிறகுதான் தெரியவந்தது.

அவள் முடித்து அனுப்பிய முதல் பதினோரு வேலைகளும் திரும்பி வந்தன. எல்லாரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: காது கூசுகிறது, தகரத்தில் ஆணி வைத்துக் கீறினது போல இருக்கிறது. அவளுக்கோ பாட்டு இன்னும் மங்கலாகத்தான் கேட்டது. யாரோ வேண்டுமென்றே வம்பு செய்கிறார்கள் என்று ஆறு மாதம் ஆத்திரப்பட்டாள். அப்புறம் ஒரு இலவச மருத்துவ முகாமில் காதில் மெஷினை மாட்டி ஒரு சீட்டு கொடுத்தார்கள். இரண்டு கோடுகள் நேராக வந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் தொபுக்கென்று கிணற்றுக்குள் விழுந்து, மறுபடி மேலேறின. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான், போனது போனதுதான் என்றார் டாக்டர். எந்த மில் என்றும் அவர் கேட்கவில்லை. தினம் பத்துப் பேரைப் பார்க்கிறவர், அவருக்குக் கேட்க என்ன இருக்கிறது.

அன்று முழுக்க அழுதாள். மறுநாள் திரும்பி வந்த பதினோரு பாட்டையும் எடுத்து வரிசையாக உட்கார்ந்து பிரித்து மேய்ந்தாள். பதினொன்றிலும் தப்பு ஒரே அளவு. அவள் காது போதும் என்று சொல்கிற இடத்திலிருந்து, நாலாயிரத்துக் குமிழை மட்டும் நாலு கிளிக் பின்னால் திருப்ப வேண்டும். மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, நாலு. ஒட்டன்சத்திரம் மண்டியில் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுக் காயை எடை போடுவதில்லையா, அதே மாதிரிதான். கம்ப்யூட்டரில் கோட்டை இழுக்கும்போது கண் பார்த்துக் காது ஏமாறும். இந்தப் பெட்டியில் விரல் எண்ணும், விரலை யாரும் ஏமாற்ற முடியாது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் திரும்பி வரவில்லை.

அந்தச் சீட்டை அவள் பிரேம் போட்டுப் பெட்டிக்கு நேர் எதிரே மாட்டிவைத்தாள். வருகிற ஒன்றிரண்டு பேரும் அதை ஏதோ மெஷினின் அளவுக்கோடு என்று நினைத்து, பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பிராங்க்ளினின் பாட்டோடு பதினோரு நாள் உட்கார்ந்தாள். முதல் தடவை போட்டதும் உள்ளங்கால் கூசியது. மில் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாகக் காலில் ஏறும். அந்த அதிர்வை மைக் பாதிதான் பிடித்திருந்தது. அடியில் இருக்கும் சத்தத்தை ஒவ்வொரு கிளிக்காகத் தூக்கினாள். ஏழாவது நிமிடத்தில் அவன் தாளமாக வைத்திருந்தது உண்மையில் பட்டை தளர்ந்து, நூல் சுற்றுகிற ஒரு கதிர் தடுமாறும் சத்தம். அவளாக இருந்தால் ஓடிப்போய் மேஸ்திரியிடம் கையைக் காட்டியிருப்பாள். இங்கே அதை அப்படியே விட்டாள், கூடவே கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நாலாயிரத்தில் நாலு கழித்தாள். பதினோராவது நாள் எல்லாம் கூடி வந்தபோது, இதுவரை செய்ததில் இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

இந்த மாதிரிப் பெட்டியில் ஒரு சங்கடம் உண்டு. கம்ப்யூட்டர் போல எதையும் சேமித்து வைக்காது. குமிழ்கள் நிற்கிற நிலைதான் எல்லாம். பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பெட்டிக்குள் ஓடவிட்டு, மறுபக்கம் வருவதைப் பதிவு செய்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். உடையவர் நேரில் வந்து கேட்டு, தலையாட்டின பிறகே பதிவு செய்வது அவள் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிராங்க்ளின் வந்தான். கூடவே ஜெரோம் என்று ஒருவர். சென்னைக்காரர், இசைத்தட்டு வெளியீட்டு வேலையெல்லாம் அவர் பொறுப்பு. இருவரும் இருபத்திரண்டு நிமிடம் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் பிராங்க்ளின் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கண்ணைத் துடைக்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. ஜெரோமும் பிரமாதம், பிரமாதம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, ஞாபகத்துக்கு என்று பெட்டியைப் போட்டோ எடுத்தார். அவளையும் ஒன்று எடுத்தார். அந்த மூன்று நிமிடம் சத்யபிரியாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

போட்டோ எடுத்துத் திரும்பின ஜெரோம் சுவரிலிருந்த சீட்டைப் பார்த்தார். அவர் அக்கா காது டெஸ்ட் செய்கிற வேலையில் இருக்கிறாராம். கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, இது காது டெஸ்ட் சீட்டுதானே, யாருடையது என்று கேட்டார். மாமியாருடையது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அட்டையில் வரப்போகிற பெயர் கண்முன் நின்றது. அந்தப் பெயரை ஒரு பொய்க்கு மேல் உட்கார வைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னோடது" என்றாள்.

ஜெரோமின் முகம் மாறிற்று. சற்று முன்னால் பிரமாதம் என்ற வாய் இப்போது எத்தனை வருடமாக இப்படி, யார் யாருக்குத் தெரியும், வைத்தியம் பார்க்கவில்லையா என்று அடுக்கியது. எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னாள். நாலு கிளிக் கழிக்கிற கதையையும் சொன்னாள். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் சமாதானம் பேசுகிறவர் போல ஆரம்பித்தார்.

"சவுண்ட்ல ஒரு குறையும் இல்ல மேடம். இதையே வச்சுக்கலாம். அட்டையில மட்டும் சென்னை ஸ்டுடியோ பேரைப் போட்டுடலாம். நாளைக்கு விஷயம் வெளிய தெரிஞ்சா ரெக்கார்டையே கிண்டல் பண்ணுவாங்க. கண்ணு தெரியாத டிரைவர்னு சொன்னா பஸ்ல யார் ஏறுவா?"

"டிரைவர் கண்ணாடி போட்டுட்டு ஓட்டுறாரு சார். அம்புட்டுப் பேரும் ஏறித்தான் போறோம்" என்றாள் சத்யபிரியா. "அந்தச் சீட்டுதான் என் கண்ணாடி. என் காதுல எங்க, எம்புட்டுக் குறைன்னு எனக்குத் தெரியும். உங்க காதுல எங்க குறைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஜெரோம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், பெயரில் என்ன இருக்கிறது என்று வேறு பக்கமாகப் பூசி மெழுகினார். அவள் அவரை விட்டுவிட்டுப் பிராங்க்ளினைப் பார்த்தாள். அவன் கைப்பேசியின் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தம்பி என்று கேட்டாள். அவன் நிமிரவில்லை.

"பேருதானக்கா. அடுத்த ரெக்கார்டுல கட்டாயம் போட்ருவோம்."

ஜெரோம் சொன்னது எதுவும் அவளை இப்படி அறுக்கவில்லை. அவர் வெளியாள். இவன் பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே அறையில் கண்ணைத் துடைத்தவன். சத்யபிரியாவுக்கு உடம்பெல்லாம் சூடாகியது. குரல் மட்டும் ஏறவில்லை.

"மில்லுல ஒம்பது வருசம் என் பேரு இருநூத்திப் பதினேழு. டோக்கன் நம்பர். அவுகளுக்கு நூல் வேணும், ஆளு வேணாம். இப்ப உங்களுக்குச் சத்தம் வேணும், காது வேணாம். அப்படித்தான?"

அவள் பெட்டியின் பக்கம் திரும்பி, மேல் வரிசையின் முதல் குமிழைப் பிடித்துப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். மூன்று கிளிக். இரண்டாவதைப் பிடித்தாள். ஐந்து கிளிக். என்ன நடக்கிறது என்று பிராங்க்ளினுக்கு உறைக்க மூன்றாவது குமிழ்வரை ஆயிற்று. பதறி எழுந்தான்.

"அக்கா, இன்னும் ரெக்கார்ட் பண்ணலயேக்கா."

"அதுனாலதான் திருப்புறேன்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கக் கூடாது என்று பாதியில் நின்றான். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு குமிழாக, பன்னிரண்டையும் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பதினோரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் காற்றோடு போயிற்று. பிறகு அவன் கொடுத்திருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, போயிட்டு வாங்க என்றாள். ஜெரோம் மட்டும் கலங்கவில்லை. போட்டோ இருக்கிறது, சென்னையில் இதே மாடல் புதுசாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று படியிறங்கும்போதே பிராங்க்ளினிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த அளவுக்கு அவள் காது நன்றாகவே கேட்கும்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். செய்தது சரிதான் என்று ஒரு மனசு, கெடுத்துக்கொண்டாயே பாவி என்று ஒரு மனசு. அவள் செய்ததிலேயே நல்ல வேலையை அவளே அழித்திருந்தாள். ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை. கணவன் பாண்டியராஜ் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தான். போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, திருப்பிப்புட்டியா, சரி, சாப்டியா என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலையில் அவள் இன்னொரு காரியம் செய்தாள். ஜெரோம் ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று, சுவரிலிருந்த சீட்டைப் போட்டோ எடுத்து, வேலை கொடுக்கிற அத்தனை ஸ்டுடியோவுக்கும் அனுப்பினாள். இதுதான் என் காது, இந்தக் காதுதான் உங்கள் நாற்பத்தொரு வேலையையும் செய்தது, இனிமேல் பெயர் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் செய்யும் என்று கீழே எழுதினாள். இரண்டு பேர் அன்றே கம்பி நீட்டினார்கள். மூன்று பேர் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் பெயரை எந்த இடத்தில் போடுவது என்று கேட்டிருந்தார். ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வியாழக்கிழமை பிராங்க்ளின் தனியாக வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. போட்டோவைப் பார்த்து, சென்னையில் அதே மாதிரிப் பெட்டியில் குமிழ்களை வைத்தார்களாம். ஒரு காதில் இடி, மறு காதில் ஈ. பாட்டு கோணிக்கொண்டு நின்றதாம். பிறகு ஸ்டுடியோக்காரர் தன் நல்ல காதை வைத்து இரண்டு நாள் முயன்றாராம்.

"மெஷின் சத்தம் வருதுக்கா. மில்லு வரல" என்றான்.

பெட்டியின் முகமும் வயிறும் வேறு வேறு என்று அவள் அப்போதுதான் சொன்னாள். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் பேசியது கேவலம் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். ஜெரோமோடு சண்டை போட்டாயிற்று, பெயர் கட்டாயம் வரும், வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களே அட்டையில் போட அவளைப் பற்றி இரண்டு வரி கேட்டிருக்கிறார்கள் என்றான். அவள் உடனே குளிர்ந்துவிடவில்லை. ஒரு தடவை சொன்ன பெயரை எடுத்தவன், இன்னொரு தடவையும் எடுப்பான்.

"பழைய மாதிரியே வருமாக்கா?"

"வராது. அதை நான் அழிச்சாச்சு. இனி வாரது வேற" என்றாள். "மொதல்ல அந்த ரெண்டு வரியை எழுதுங்க. நான் சொல்றேன்."

அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். அவள் யோசிக்கவே இல்லை.

"மாஸ்டரிங், சத்யபிரியா, திண்டுக்கல். ஒம்பது வருசம் மில்லுல ரிங் பிரேம் ஓட்டுனவ. ரெண்டு காதும் நாலாயிரத்துல கேக்காது."

பிராங்க்ளினின் கட்டைவிரல் நின்றது. கடைசி வரியும் வேண்டுமா, தெரியாதவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கடைசி வரியாப் போட வேணாம்" என்றாள் சத்யபிரியா.

அவன் முகம் தெளிந்தது. விரல் அழிக்கப் போனது.

"மொத வரியாப் போடுங்க. போட்டு, அவுகளுக்கு அனுப்பிட்டு, எங்கிட்டக் காட்டுங்க. அப்புறம்தான் பெட்டியை ஆன் பண்ணுவேன்."